பராமரிப்பில்லாமல் கிடந்த, நிறைய ஓடிய லாரி இன்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல லட்சம் கிலோமீட்டர் ஓடி, அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்ட லாரி ஒன்று கைக்கு வந்தால் எழும் கேள்விகள் இவை. எல்லாம் டீசல் இன்ஜினை மனதில் வைத்து எழுதியவை. அளவுகள் பொதுவானவை. உங்கள் இன்ஜினின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ஓடிய இன்ஜினைச் சரிசெய்வதில் பலன் உண்டா?

பெரும்பாலும் உண்டு. நேரத்துக்கு ஆயில் மாற்றி, காற்று சுத்தமாகப் போய், சூடு ஏறாமல் ஓடிய கனரக டீசல் இன்ஜின் 10 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் பிரிக்கப்படாமல் ஓடுவதுண்டு. ஓடித் தேய்வது வேறு, கவனிக்காமல் கெடுவது வேறு. தேய்மானத்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை), பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் உறை) மெலியும். அதற்குப் பாகம் மாற்றியே ஆக வேண்டும். கவனிப்பில்லாமல் போனால் ஆயில் கசடாகும், பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) அடைக்கும், கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) துருவாகும், டீசலில் தண்ணீர் சேரும். இவற்றில் பாதிக்கு மேல் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். எனக்கு வருத்தம் தருவது, இரண்டுக்கும் புகையும் இழுவைக் குறைவும் ஒரே மாதிரி தெரிவதால், சுத்தம் செய்திருந்தாலே போதும் என்ற இன்ஜினை அவசரப்பட்டு இறக்கிவிடுவதுதான். முதலில் எது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பலவும் அதைப் பற்றியவையே.

மாதக்கணக்கில் நின்ற வண்டி. பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்த்துவிடலாமா?

வேண்டாம். அந்த ஒரு செல்ஃபில் கனெக்டிங் ராடு வளைந்த இன்ஜின்கள் உண்டு. சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ இறங்கியிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. செல்ஃப் மோட்டாரின் பலத்துக்கு ராடுதான் விட்டுக்கொடுக்கும்.

முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு குறைவாக இருப்பதைவிட அதிகமாக இருப்பது கெட்ட செய்தி. டீசல் வாடையோடு நீர்த்துப் போயிருந்தால் இன்ஜெக்டரோ ஃபீட் பம்ப்போ உள்ளே ஒழுகுகிறது. அடுத்து, சம்ப்பின் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின்) டிரெய்ன் பிளக்கை முழுக்கக் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, நின்ற வண்டியில் அடியில்தான் இருக்கும், அதனால் முதலில் சொட்டுவதும் அதுவே. தெளிந்த தண்ணீரோ நிறமுள்ள கூலண்டோ வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை இன்ஜினைச் சுழற்றக்கூடாது.

அது சரியாக இருந்தால் கிராங்க் புல்லி போல்ட்டிலோ ஃப்ளைவீலில் பற்களைப் பிடிக்கும் கருவியிலோ கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குவது) தடுக்கும் இடத்தில் இறுகி, பிறகு மெல்ல விடுவது இயல்பு. சுவரில் மோதியது போல நின்றால் நீளமான பைப் மாட்டி நெம்பாதீர்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரிங் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், இன்ஜெக்டர் துளை வழியாகக் கொஞ்சம் ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்கலாம். அப்புறம் துளைகள் திறந்திருக்கும்போதே சுழற்றி, உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட வேண்டும்.

டேங்கில் இருக்கும் பழைய டீசலை உபயோகிக்கலாமா?

வடித்துவிடுங்கள். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுத்த சளி போலப் படியும். புது டீசல் ஊற்றினாலும் டேங்க் சுவரில் இருக்கும் சளி கரைந்து வந்து ஃபில்டரை மறுபடி மறுபடி அடைக்கும். டேங்கைக் கழற்றி உள்ளே பார்த்துக் கழுவுவதே நல்லது. வாட்டர் செப்பரேட்டர் கிண்ணம், கை பம்ப்பில் உள்ள சிறு வலை, வெடித்த ரப்பர் ஹோஸ்கள் ஆகியவற்றையும் அதோடு பார்த்துவிடுங்கள். ஹோஸில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தினமும் காலையில் ஏர் லாக் ஆகும் (டீசல் பாதையில் காற்று புகுந்து அடைக்கும்) வண்டியில் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டை எப்படிச் செய்வது?

புது ஆயில், புது ஆயில் ஃபில்டர். ஃபில்டர் செங்குத்தாக மாட்டுவதாக இருந்தால் அதில் சுத்தமான ஆயிலை நிரப்பி மாட்டுங்கள். டீசல் ஃபில்டருக்கு இதே பழக்கம் ஒத்துவராது: காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) வடிகட்டாத டீசலைச் சுத்தமான பக்கத்தில் ஊற்றினால் ஒரு துகள் போதும், இன்ஜெக்டர் போய்விடும். அங்கே கை பம்ப்பை அடித்தே நிரப்ப வேண்டும்.

டீசல் போகாமல் ஸ்டாப்பில் வைத்துக்கொண்டு, 10 முதல் 15 விநாடிகள் செல்ஃப் அடித்து, இரண்டு நிமிடம் ஆறவிட்டு, ஆயில் பிரஷர் முள் அசையும்வரை திரும்பச் செய்யுங்கள். பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகே டீசலைத் திறந்துவிட வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். டர்போவுக்கு (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தரும் பாகம்) ஆயில் கடைசியில்தான் போய்ச் சேரும். அது வறண்டு சுழல்வது சில விநாடிகள் என்றாலும் கேடுதான். 10 விநாடிக்குள் பிரஷர் காட்டாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் இன்ஜினைக் குறை சொல்லும் முன் பேட்டரி முனைகளையும் எர்த் கேபிளையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். வேகமாகச் சுழன்றால்தான் காற்று டீசலைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும்.

ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் செய்யலாமா?

கூடாது. ஸ்டார்ட்டுக்காகச் சூடேற்றும் குளோ பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ உள்ள இன்ஜினில் அது ஹீட்டரிலேயே பற்றி வெடிக்கும். இல்லாத இன்ஜினிலும் பிஸ்டன் மேலே வரும் முன்னமே பற்றி, ரிங் மேடுகளை உடைக்கக்கூடும். ஸ்ப்ரே இல்லாமல் ஸ்டார்ட் ஆகாத இன்ஜினுக்குக் கம்ப்ரஷனோ டீசலோ செல்ஃப் வேகமோ குறைகிறது என்றுதான் பொருள்.

ஸ்டார்ட் ஆனதும் தானாக வேகம் ஏறிக்கொண்டே போனால்?

இதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். சம்ப்பில் டீசல் கலந்து அளவு ஏறியிருந்தாலோ டர்போ சீல் கசிந்தாலோ இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் அது ஓடுவது டீசலில் இல்லை. காற்றை அடைப்பதே வழி. முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் பைப்பைத் திறந்து வைத்து, அந்த வாயை மூடும் அளவுக்கு ஒரு கனமான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையாலோ துணியாலோ அடைக்கவே கூடாது. கையை இழுத்துக் காயப்படுத்தும், துணியை விழுங்கிவிடும்.

புகையின் நிறத்தை வைத்து என்ன சொல்லலாம்?

கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாகப் போகும் ஹோஸ்கள், அப்புறம் இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். வெள்ளைப் புகை கண்ணை எரித்து டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல். காலையில் வந்து சூடானதும் நின்றால் கம்ப்ரஷனோ நாசிலோ கொஞ்சம் பலவீனம். இனிப்பு வாடையோடு, சூடான பின்னும் நிற்காமல் வந்தால் கூலண்ட் எரிகிறது. நீலப் புகை ஆயில். ஆனால் ஆயில் எரிகிறது என்றவுடன் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆயில் அடிக்கிறது, ஆயில் மூடியைத் திறந்தால் புகை வருகிறது. ரிங் போய்விட்டதா?

இருக்கலாம். அதற்கு முன் பிரீதரைக் கழற்றுங்கள்.

எந்த இன்ஜினிலும் பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அது வெளியேறும் வழிதான் பிரீதர். நீண்ட நாள் கவனிக்காத இன்ஜினில் அந்த வழி கசடால் அடைத்திருக்கும். அப்போது கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்கள் வழியாகப் பிதுங்கும். டர்போவிலிருந்து சம்ப்புக்கு இறங்க வேண்டிய ஆயில் இறங்காமல் தேங்கி, டர்போ சீலைத் தாண்டிக் காற்றோடு சிலிண்டருக்குள் போகும். நீலப் புகை, ஆயில் குறைவு, எல்லாப் பக்கமும் கசிவு என்று செத்துப்போன இன்ஜினின் அடையாளங்கள் அத்தனையும் காட்டும். டர்போ மாற்றி, கிராங்க் சீல் மாற்றி, கடைசியில் இன்ஜினை இறக்க நாள் குறித்த ஒரு லாரியில் நான் பார்த்தது, கல்லாகிப் போன ஒரு பிரீதர் ஹோஸ்தான். புது ஹோஸ் மாட்டியதும் கசிவு நின்றது. அதற்குப் பிறகு எந்த இன்ஜினையும் பிரீதரிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரீதரைச் சுத்தம் செய்த பிறகும் லோடு இழுக்கும்போது ஆயில் மூடியில் பிஸ்டன் தாளத்துக்குக் குப்குப் என்று தள்ளினால், கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்கள். டீசல் இன்ஜின்களில் செல்ஃப் வேகத்தில் பொதுவாக 350 முதல் 500 பிஎஸ்ஐ வரை வரும். மொத்த அளவைவிடச் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் விலகும் சிலிண்டர் நோயாளி. அதில் காற்றழுத்தம் கொடுத்து, சீறல் எங்கே கேட்கிறது என்று காது வையுங்கள். ஆயில் மூடியில் கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் பைப்பில் கேட்டால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்டோ ஹெட்டோ.

இன்னொன்று: ரிங் தேயாமல், கார்பனில் ஒட்டியே இருக்கலாம். மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடப்பட்ட இன்ஜினில் இது சகஜம். நல்ல ஆயிலோடு, சரியான சூட்டில், மிதமான லோடு இழுத்துச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் சில இன்ஜின்களில் ரிங் விடுபட்டு, ஆயில் குடிப்பது குறைந்திருக்கிறது. பிரிப்பதற்கு முன் அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்கலாம்.

உள்ளே கசடு நிறைய. மண்ணெண்ணெய் ஊற்றி ஃப்ளஷ் செய்யலாமா?

நான் செய்ய மாட்டேன். கெட்டியான கசடு ஒரே சமயத்தில் கட்டிகளாகப் பெயர்ந்து, ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையில் போய் அடைக்கும். பம்ப் வறண்டால் பேரிங் போகும். மண்ணெண்ணெயோடு ஓடும் அந்தச் சில நிமிடங்களில் பேரிங்குக்கு உயவு கிடைப்பதும் இல்லை.

பொறுமையான வழி இது. முதலில் சம்ப்பைக் கழற்றிக் கையால் சுரண்டிக் கழுவி, உறிஞ்சு வலையைச் சுத்தம் செய்யுங்கள். வால்வு கவரின் கீழும் அப்படியே. பிறகு நல்ல டீசல் இன்ஜின் ஆயில் ஊற்றி, முதல் மாற்றத்தை 10, 20 மணி நேர ஓட்டத்திலேயே செய்துவிடுங்கள். அடுத்ததை 2,000 கிலோமீட்டருக்குள், அதற்கடுத்ததை வழக்கமான இடைவெளியில் பாதிக்கு. ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் கசடை மெல்ல மெல்லக் கரைத்து வெளியே கொண்டுவரும். கழற்றிய ஒவ்வொரு ஃபில்டரையும் அறுத்து, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புக் கசடு எதிர்பார்த்ததுதான். காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தூளோ செம்பு நிறப் பொடியோ மினுங்கினால் கதை வேறு.

ஆயில் பிரஷர் குறைவாகக் காட்டுகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் போதுமா?

அது முள்ளை ஏமாற்றும், பேரிங்கை ஏமாற்றாது. குளிரில் கெட்டி ஆயில் மேலே போய்ச் சேரவும் தாமதமாகும். மேனுவல் 15டபிள்யூ-40 சொன்னால் அதையே ஊற்றுங்கள்.

டாஷ்போர்டு முள்ளை நம்பாமல் பிளாக்கில் நேரடி கேஜ் மாட்டிப் பாருங்கள். பழைய வண்டியில் சென்சாரும் வயரும் பொய் சொல்வது வழக்கம். நன்கு சூடான பிறகு ஐட்லிங்கில் 10 பிஎஸ்ஐக்குக் கீழே விழுந்தாலோ ஓடும் வேகத்தில் 30ஐத் தொடாமல் திணறினாலோ சம்ப்பை இறக்க வேண்டியதுதான்.

சம்ப் இறங்கியிருக்கும்போது ஒரு மெயின் பேரிங்கையும் (கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குவது) ஒரு பிக் எண்ட் பேரிங்கையும் (கனெக்டிங் ராடின் கீழ் முனையில் இருப்பது) திறந்து பாருங்கள். எந்தக் கேப் எந்த இடம், எந்தத் திசை என்று குறி வைத்த பிறகே கழற்றுங்கள். மெயினில் கீழ் ஷெல்தான் (பேரிங்கின் கீழ்ப் பாதி வளையம்) பாரம் தாங்குவது. பிக் எண்டில் நேர்மாறு, ராடு பக்கம் இருக்கும் மேல் ஷெல். பலரும் கையில் வரும் கேப் ஷெல்லை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று மூடிவிடுகிறார்கள். சாம்பல் நிற மேற்பூச்சு முழுதாக இருந்தால் நிம்மதி. அது தேய்ந்து செம்பு நிறம் எட்டிப்பார்த்தால் ஷெல் செட் மாற்றும் நேரம். கிராங்க் ஜர்னலில் நகம் மாட்டும் கீறல் இல்லாவிட்டால், இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமலே இந்த வேலையை முடித்துவிடலாம்.

ஆயிலை லேபில் கொடுத்துச் சோதிப்பது வீண் செலவா?

இல்லை, பிரித்துப் பார்க்காமலே உள்ளே நடப்பதைச் சொல்லும் நல்ல வழி அது. சிலிக்கான் ஏறினால் தூசி உள்ளே போகிறது. சோடியமும் பொட்டாசியமும் ஏறினால் கூலண்ட். ஈயமும் செம்பும் பேரிங். இரும்பு ஏறினால் பெரும்பாலும் லைனர், குரோமியம் ரிங். ஒரே ஒரு அறிக்கையில் அதிகம் தெரியாது. மூன்று மாற்றங்களுக்குத் தொடர்ந்து எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் இதுவரை ஊற்றியிருக்கிறார்கள். அதனால் என்ன?

நிறைய. வெட் லைனர் இன்ஜினில் (லைனரின் வெளிப்புறம் நேரடியாகக் கூலண்டில் நனைந்திருக்கும் வகை) பிஸ்டன் ஒவ்வொரு முறை தட்டும்போதும் லைனர் மெல்ல அதிரும். அந்த அதிர்வில் லைனரின் வெளிப்புறத் தண்ணீரில் நுண்ணிய நீராவிக் குமிழிகள் தோன்றி, உடைந்து, இரும்பைக் கொத்தும். வருடக்கணக்கில் கொத்திக் கொத்தி ஊசித் துளை விழுந்து, தண்ணீர் ஆயிலுக்குப் போகும். கனரக டீசல் கூலண்டில் உள்ள சேர்மங்கள் லைனர் மேல் ஒரு படலம் உண்டாக்கி இதைத் தடுக்கின்றன. வெறும் தண்ணீரில் அந்தக் காப்பு இல்லை, துரு தனி.

துருத் தண்ணீரை வடித்து, கழுவி, தெளிந்து வரும்வரை மாற்றி, பிறகு கனரக இன்ஜினுக்கான கூலண்டைச் சரியான விகிதத்தில் ஊற்றுங்கள். நிறத்தை மட்டும் பார்த்து இரண்டு வகையைக் கலக்காதீர்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு துளையிலிருந்து சொட்டினால் சீல் போய்விட்டது. அந்தத் துளையை அடைக்கக்கூடாது.

சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதையும் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, மலையேற்றத்தில் மேலும் சூடாகும். வெறுமனே ஓடும்போதோ இன்ஜின் குளிர்ந்தே இருந்து, டீசல் சரியாக எரியாமல் ஆயிலில் கலந்து, லைனரைத் தின்னும்.

ஏர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதாதா?

வேகமான காற்று தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போடும். உள்ளே ஒரு விளக்கை விட்டுச் சுற்றிப் பாருங்கள், ஊசி முனை வெளிச்சம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். அதைவிட முக்கியம், ஃபில்டரைத் தாண்டி டர்போவுக்குப் போகும் பைப்பின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பது. அங்கே தூசி ஒட்டினால் ஃபில்டர் புதிதாக இருந்தும் பயனில்லை. எங்கோ ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. தூசிதான் ரிங்கையும் லைனரையும் மிக வேகமாகத் தேய்க்கும்.

அந்தப் பைப் கழன்றிருக்கும்போதே டர்போ ஷாஃப்ட்டை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் ஆடினாலோ வீல் உறையில் உரசிய தடம் இருந்தாலோ ஓட்டக்கூடாது. உடைந்த துண்டு சிலிண்டருக்குள் போகும்.

டேப்பட் (வால்வு இடைவெளி) பார்க்க வேண்டுமா? சத்தம் எதுவும் இல்லையே.

சத்தம் இல்லாததே சந்தேகம். நிறைய ஓடிய இன்ஜினில் வால்வு சீட் உள்வாங்க உள்வாங்க இடைவெளி குறையும். முழுக்க மூடாத எக்ஸாஸ்ட் வால்வு சத்தம் போடாமல் எரிந்துபோகும். ஃபீலர் கேஜ் வைத்து எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு வால்வில் மட்டும் ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் அதன் சீட் போகிறது.

டீசல் பைப்பில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கலாமா?

ஒருபோதும் கூடாது. காமன் ரெயிலில் 1,600 பாருக்கு மேலும் அழுத்தம் இருக்கும். அந்த மெல்லிய பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே டீசலைச் செலுத்திவிடும். வெளியே ஊசி குத்திய புள்ளி போலத்தான் தெரியும், வலிகூட அப்போது இருக்காது. ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. தாமதித்தால் விரலையே எடுக்க நேரும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், நனைந்த இடம் காட்டிக்கொடுக்கும்.

சரி, எப்போது ஓவர்ஹால் (இன்ஜினைப் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றுவது)?

பிரீதர், காற்று, டீசல், டேப்பட் எல்லாம் சரிசெய்த பிறகும் பல சிலிண்டர்களில் கம்ப்ரஷன் குறைவு, ஆயில் குடிப்பது கூடிக்கொண்டே போவது, அல்லது ஆயிலில் கூலண்ட். இவற்றில் ஒன்று உறுதியானால் தள்ளிப்போடாதீர்கள். கிராங்க் நன்றாக இருந்தால் இன்ஜினை வண்டியிலேயே வைத்து லைனர், பிஸ்டன், ரிங், ஷெல், ஹெட் வேலை செய்யலாம். கிராங்கோ பிளாக்கோ அடிபட்டிருந்தால் இறக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் அவசரம் காட்டக்கூடாது. லைனர் பிளாக் மட்டத்துக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு லைனருக்கும் அளக்க வேண்டும்; அது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தவறினாலும் புது கேஸ்கட் நிற்காது. அப்புறம், இழுபட்டு நீளும் வகை ஹெட் போல்ட்டை மறுபடி உபயோகிக்கக்கூடாது. வேலை முடிந்ததும் மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடாமல் மிதமான லோடில் ஓட்டுங்கள், அப்போதுதான் ரிங் லைனரோடு படியும்.

தேறிய பிறகு தினமும் எதைப் பார்ப்பது?

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில், கூலண்ட், வண்டிக்கு அடியில் தரை. வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து தண்ணீரை வடிப்பது. மலை ஏறியோ முழு லோடு இழுத்தோ வந்தால் நிறுத்தும் முன் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐட்லிங், டர்போ ஆறுவதற்கு. இதோடு வண்டியிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தக் கிலோமீட்டரில் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினீர்கள், சூடான ஐட்லிங்கில் பிரஷர் எவ்வளவு, கூலண்ட் எப்போது குறைந்தது என்று தேதியோடு எழுதுங்கள். முன்பு 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடித்த இன்ஜின் இப்போது 1,200க்கே ஒரு லிட்டர் கேட்கிறது என்பது நினைவில் நிற்காது, நோட்டில்தான் தெரியும்.